பெட்டியிலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் அதில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்பது மரபு. எட்டையும் சொல்லப் பொறுமை இல்லை. முக்கியமானவை மட்டும். வழி: முதனூல்கள் எல்லாம் பல நாட்டுச் சூதாட்டச் சட்டங்கள், அவை ஒன்றோடொன்று முரண்படுவதால் இது எதற்கும் வழிநூல் ஆகாது. எல்லை: வடக்கே ஹேக், தெற்கே கான்பெரா, கிழக்கே டோக்கியோ, மேற்கே வாஷிங்டன். நுதலிய பொருள்: இணைய விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ். கேட்போர்: அழுகிற பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பிறகு வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிப்பவர்கள். பயன்: அந்தக் குறுஞ்செய்தியில் இருப்பது எந்த வகைச் செலவு என்று தெரிந்துகொள்வது. பணம் திரும்பி வராது, வகை தெரியும். இலக்கணத்தால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

பெயரியல்

காசு முன்கொடுத்துப் பொருள்பின் அறிவது
பெட்டி என்ப, பெயர்பல ஆயினும்.

உரை: என்ன வரும் என்று தெரியாமல் காசைக் கொடுத்து, கொடுத்த பிறகு என்ன வந்தது என்று அறிவதெல்லாம் பெட்டி. ஜப்பானில் அதைக் காச்சா என்பார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கேஸ், ஃபிஃபா கால்பந்து ஆட்டத்தில் பேக், பிஜிஎம்ஐயில் க்ரேட், ஃப்ரீ ஃபயரில் லக் ராயல். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டு அட்டையும் இதே இனந்தான். நாலணாவுக்கு ஒரு சீட்டைக் கிழித்தால் பலூன் வரும். அட்டையின் உச்சியில் குத்திவைத்த பெரிய பரிசு மட்டும் அங்கேயே இருக்கும். ஆனாலும் கடைக்காரர் ஒரு விதத்தில் யோக்கியர். அட்டையில் மிச்சம் எத்தனை சீட்டு என்று யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். சர்வருக்குள் எட்டிப் பார்த்து எண்ண முடியாது.

சூது என்று ஒன்றைச் சொல்ல மூன்று உறுப்பு வேண்டும் என்பது பெரும்பாலான நாட்டு வழக்கறிஞர்களின் துணிபு: பணயம், தற்செயல், பரிசு. பெட்டியில் முதலிரண்டும் இருப்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. உலகத்துச் சண்டை முழுவதும் மூன்றாவதில்தான். துப்பாக்கிக்குப் பூசிய வண்ணம் ஒரு பரிசா, வெறும் படமா?

திறந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் வருகிறதே, வெறுங்கையோடு யாரும் திரும்புவதில்லையே, பிறகு எப்படிச் சூது எனின்: அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு 2017இல் சொன்ன வாதம் இது. அற்றன்று. அட்டைச் சீட்டிலும் எப்போதும் பலூன் வந்தது.

தோற்றம் பற்றிச் சுருக்கமாக. ஃபிஃபாவில் வீரர்களைப் பொட்டலமாக விற்கும் அல்டிமேட் டீம் 2009இல் வந்தது. டீம் ஃபோர்ட்ரஸ் 2இல் பூட்டிய பெட்டியைச் சும்மா கொடுத்துச் சாவியை விற்கும் முறை 2010இல் வந்தது. மேற்கு நாடுகளின் சட்டங்கள் அப்போதும் தூங்கின. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈ.ஏ.) நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 ஆட்டத்தை வெளியிட்டபோது, முழு விலை கொடுத்து வாங்கியவரும் டார்த் வேடரைத் திறக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பொறுமை இல்லாதவருக்குப் பெட்டி. எழுந்த கூச்சலில், வெளியீட்டுக்கு முந்தைய இரவே காசு வாங்கும் பொத்தானை நிறுவனம் அணைத்துவைத்தது. டார்த் வேடர் வெளியே வந்தாரோ இல்லையோ, பல நாட்டுச் சூதாட்ட ஆணையங்கள் விழித்துக்கொண்டன.

வாயிலியல்

வருவழி போவழி என்றிரு வாயிலின்
திறப்பும் அடைப்பும் தெரிந்தனர் கொளலே.

உரை: பெட்டிக்கு இரண்டு வாயில். நிஜக் காசு உள்ளே போகும் வாயில் ஒன்று. பொருள் நிஜக் காசாகி வெளியே வரும் வாயில் இன்னொன்று. இரண்டும் திறந்தது, வருவழி மட்டும் திறந்தது, போவழி மட்டும் திறந்தது, இரண்டும் அடைத்தது எனப் பெட்டி நால்வகைப்படும்.

கடைசி இரண்டையும் ஒரு வரியில் முடிக்கலாம். ஆடிச் சம்பாதித்த பெட்டியிலிருந்து ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கும் பொருள் வந்தால் அதில் காசே இல்லை. சும்மா கிடைத்த பொருளை விற்றுக் காசாக்குகிறவரைப் பற்றிப் பெரும்பாலான அரசுகள் கவலைப்படுவதில்லை.

இரண்டு வாயிலும் திறந்ததற்கு எடுத்துக்காட்டு கவுன்டர்-ஸ்ட்ரைக் கேஸ். சாவி 2.49 டாலர். உள்ளிருந்து வரும் கத்தியையோ துப்பாக்கி ஸ்கின்னையோ ஸ்டீம் சந்தையில் விற்கலாம். வெளித் தளங்களில் விற்றுக் கையில் பணமாகவும் வாங்கலாம். எந்தப் பொருள் எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்பதைச் சீனாவில் இந்த ஆட்டத்தை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்ட் நிறுவனம் 2017இல் வெளியிட வேண்டியதாயிற்று. நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64. எல்லாரும் எதற்காகத் திறக்கிறார்களோ அந்தத் தங்க நிறக் கத்தி 0.26. அதாவது சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. அமெரிக்க விலைப்படி சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல். 385 பெட்டி திறந்துவிட்டால் கத்தி உறுதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தனையும் திறந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் கத்தியைக் காணாமலே எழுந்து போவார்கள். நிகழ்தகவின் வழக்கம் அது.

வருவழி மட்டும் திறந்தது பழைய ஓவர்வாட்ச் பெட்டியும் கென்ஷின் இம்பாக்ட்டும். உள்ளே போன காசு ஆடையாகவோ ஆளாகவோ மாறிக் கணக்கிலேயே தங்கிவிடும், விற்க வழியில்லை. இங்கேதான் ஒரு விந்தை. எதையும் திரும்பத் தராத இந்தப் பெட்டியைத்தான் பல சட்டங்கள் குற்றமற்றது என்கின்றன. காசு திரும்பி வரக்கூடியது சூது, ஒருபோதும் திரும்பி வராதது பொழுதுபோக்கு.

நாட்டியல்

ஒருநாட்டுச் சூது பிறநாட்டு விளையாட்டு;
எல்லைக் கல்லே இதற்கள வாகும்.

உரை: ஒரே பெட்டி பிரஸ்ஸல்ஸில் குற்றம், லண்டனில் வணிகம், டோக்கியோவில் பாதிக் குற்றம். ஆகவே நாடுவாரியாகப் பார்ப்போம்.

பெல்ஜியம் பாலைத்திணை. 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்டர்-ஸ்ட்ரைக் மூன்றின் பெட்டியும் சூதே என்றது. தண்டனை ஐந்தாண்டுச் சிறை வரை, 8 லட்சம் யூரோ வரை அபராதம். ஆடுபவர் சிறுவராயின் இரு மடங்கு. போவழி அடைத்த ஓவர்வாட்ச் எப்படி மாட்டியது எனின், பொருளை ஆடுபவர் விரும்பினால் அதுவே ஆதாயம், விற்க முடிய வேண்டும் என்பதில்லை என்பது அந்த ஆணையத்தின் கொள்கை. என் பார்வையில் இந்த மூன்றாம் உறுப்புக்கு எழுதப்பட்ட உரைகளிலேயே நேர்மையானது இதுதான். பெரிய நிறுவனங்கள் பணிந்தன. ஃபிஃபா பாயின்ட் விற்பனையை ஈ.ஏ. 2019 ஜனவரியோடு அங்கே நிறுத்தியது. ஆனால் சில ஆண்டு கழித்து, அந்நாட்டில் ஐபோனில் அதிகம் வசூலிக்கும் 100 ஆட்டங்களை ஓர் ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். 82இல் பெட்டி இருந்தது. சட்டம் வாயிலில் நின்று பெரிய கார்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது சைக்கிள்கள் எல்லாம் பின்பக்கமாகப் போய்விட்டன.

நெதர்லாந்தில் கதை வேறு. அங்குள்ள சூதாட்ட ஆணையம் 10 ஆட்டங்களைச் சோதித்து, போவழி திறந்திருந்த 4 மட்டும் குற்றம் என்றது. ஃபிஃபா பொட்டலத்துக்காக ஈ.ஏ.வின் இரு நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் யூரோ வரை அபராதம். கீழ் நீதிமன்றமும் 2020இல் சரி என்றது. 2022 மார்ச் 9 அன்று உச்ச நிர்வாக நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பொட்டலத்தைத் தனி ஆட்டமாகப் பார்க்கக் கூடாதாம். பெரும்பாலோர் அதைக் கால்பந்து ஆடுவதற்காகவே திறக்கிறார்களாம். கால்பந்து திறமை ஆட்டம். ஆகவே பொட்டலமும் அதில் அடக்கம். இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர், முழுமைக்கு உரியதைச் சினைக்கு ஏற்றிச் சொல்வது. ஒரு கோடி யூரோவை மிச்சப்படுத்திய ஆகுபெயர் வேறு எந்த மொழியிலும் இல்லை.

பிரிட்டன் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் ‘பணம் அல்லது பணப் பெறுமதி’ என்று பரிசுக்கு வேலி கட்டியிருக்கிறது. 2019 ஜூனில் நாடாளுமன்றக் குழு முன் வந்த ஈ.ஏ.வின் சட்டத்துறைத் துணைத் தலைவர், தாங்கள் விற்பது லூட் பாக்ஸே அல்ல, வியப்பு தரும் பொறிமுறை என்றார். கிண்டர் சாக்லேட் முட்டையை உவமை காட்டினார். குழு மயங்கவில்லை, சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அரசு மூன்றாண்டு யோசித்து 2022இல் திருத்தப் போவதில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு தொழில்துறையே தனக்கு 11 நெறிகளை எழுதிக்கொண்டது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து பெட்டி உள்ள புது ஆட்டங்களுக்குக் குறைந்தது ‘எம்’ முத்திரை குத்துகிறது. அது 15 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதல்ல என்ற அறிவுரையே தவிரத் தடை இல்லை. முத்திரையைப் படித்துவிட்டு எந்தப் பையன் போனைக் கீழே வைக்கிறான் என்று தெரியவில்லை.

ஜப்பான் சூட்சுமமான நாடு. அங்கே சாதாரணக் காச்சாவைத் தொடவில்லை; ‘முழுத்தொகுதிக் காச்சா’ ஒன்றை மட்டும் 2012 ஜூலை முதல் தடுத்தார்கள். பெட்டியிலிருந்து வரும் சாதாரண அட்டைகளில் ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தால்தான் அரிய அட்டை கிடைக்கும் என்பது அதன் அமைப்பு. கணக்கு எளிது. தொகுதியில் 10 அட்டை, எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் அட்டைக்கு ஒரே முறை போதும். ஒன்பது சேர்ந்த பிறகு பத்தாவதற்கு மட்டும் சராசரியாக 10 முறை. மொத்தம் 29 முறை. ஒன்பதைச் சேர்த்தவன் நிறுத்த மாட்டான் என்பதில்தான் தொழிலே ஓடியது. நுகர்வோர் முகமை புதுச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. இணைய ஆட்டம் பிறக்கும் முன்பே பரிசுப் பொருள் விதிகளில் இருந்த ‘அட்டை சேர்ப்புத் தடை’யைத் தூசி தட்டி எடுத்தது. விளையாட்டு நிறுவனங்களின் பங்கு விலை செய்தி கசிந்ததும் சரிந்தது.

சீனமும் கொரியாவும் வேறு வழி போயின: தடுக்காதே, சொல்லச் சொல். 2017 மே முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்றது சீனம். அடுத்த மாதமே ஓவர்வாட்ச் அங்கே பெட்டி விற்பதை நிறுத்திவிட்டு ஆட்ட நாணயத்தை விற்றது. நாணயம் வாங்குகிறவர்களுக்குப் பெட்டி அன்பளிப்பு. அன்பளிப்புக்கு யாராவது விகிதம் சொல்வார்களா? நன்னூல் 32 உத்தி சொல்கிறது; இந்த நிறுவனங்களுக்கு ஒன்றிரண்டே போதும்.

கொரியாவில் சொல்லாமல் விட்டது என்ன என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. நெக்ஸான் நிறுவனத்தின் மேப்பிள்ஸ்டோரியில் கியூப் என்றொரு பொருள். காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தினால் ஆயுதத்தின் கூடுதல் குணங்கள் மூன்றும் தற்செயலாக மாறும். மூன்று இடத்திலும் ஒரே சிறந்த குணம் விழ வேண்டும் என்று மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2011 முதல் 2021 வரை அப்படிச் சில கூட்டுகளின் வாய்ப்பு பூஜ்யமாக வைக்கப்பட்டிருந்தது. குறைவாக இல்லை, பூஜ்யம். 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. மார்ச் 22 முதல் விகித வெளியீடு சட்டக் கட்டாயம் ஆனது. தற்செயல் கூட இல்லாத சூதுக்கு எந்த இலக்கணத்திலும் இடம் கிடையாது. அதற்கு இடம் வேறு அதிகாரத்தில், மோசடி என்ற தலைப்பில்.

இந்தியா. நம் சட்டங்கள் பெட்டியைப் பற்றிப் பேசியதே இல்லை. ரம்மியைப் பற்றியே பேசி வயதானவை. 1867ஆம் ஆண்டுச் சட்டம் முதல் திறமையா, தற்செயலா என்பது ஒன்றுதான் கேள்வி. குதிரைப் பந்தயம் திறமை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதும் தமிழ்நாட்டு வழக்கில்தான். 2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்யாமல் அந்தப் பட்டியலை மட்டும் அழித்தது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு வைத்து ஆடக் கூடாது, ஆதார் காட்ட வேண்டும் என்று விதிகள் வந்தன. 2025 ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து, திறமையோ தற்செயலோ காசு வைத்து ஆதாயம் எதிர்பார்க்கும் ஆட்டமெல்லாம் தடை என்று ஒன்றரை நூற்றாண்டு விவாதத்தை ஒரே வரியில் முடித்தது. இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் பிஜிஎம்ஐயில் யூசி எனும் ஆட்ட நாணயம் வாங்கிக் க்ரேட் திறந்துகொண்டிருந்தான். போவழி அடைத்த பெட்டியை இந்தச் சட்டத்தில் எங்கே வைப்பது? ஸ்கின் ஓர் ஆதாயமா? பெல்ஜிய உரையைக் கொண்டால் ஆம், பிரிட்டிஷ் உரையைக் கொண்டால் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மனத்தில் பெட்டி இருந்ததற்கு அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

வினையியல்

பெட்டியுள் இருப்பது பெரும்பொருள் அன்றே;
திறக்கும் பொழுதே தீரும் விலையே.

உரை: மேலே கண்ட நாடுகள் அனைத்தும் பெட்டியைப் பெயர்ச்சொல்லாகவே பகுத்தன. உள்ளே என்ன, அதற்கு என்ன விலை, விற்கலாமா? கடைக்காரர் விற்பதோ வினை.

கேஸ் ஒன்றைத் திறப்பதைப் பாருங்கள். சாவியை அழுத்தியதும் திரையின் குறுக்கே பொருள்கள் வரிசையாக ஓடும். நடுவில் ஒரு கோடு. ஒவ்வொன்றும் கோட்டைக் கடக்கும்போது ‘டிக்’ என்று ஓர் ஒலி. முதலில் மழை போல, பிறகு டிக்... டிக்... என்று இடைவெளி விடும். தங்க நிறச் சதுரம் ஒன்று கோட்டை நோக்கி ஊர்ந்து வரும். அதற்கு முந்தைய நீலத்தில் நின்றுவிடும். மயிரிழையில் போச்சே என்று பையன் கத்துவான். மயிரிழையும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுத்திய கணமே சர்வர் முடிவெடுத்துவிட்டது. ஓடியது அலங்காரம். ஃபிஃபா பொட்டலம் அதைவிட நாடகத்தனம்: புகை, விளக்கு, முதலில் நாட்டுக்கொடி, பிறகு ஆடும் இடம், பிறகு கிளப் சின்னம், கடைசியில்தான் முகம். ஏற்கெனவே முடிந்துபோன ஒரு செய்தியைத் தவணை முறையில் சொல்கிறார்கள்.

இந்தச் சூத்திரத்துக்குப் பிரான்ஸ் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2019இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் அங்கே மட்டும் அந்த ஆட்டத்தில் எக்ஸ்ரே கருவி ஒன்றை வைத்தது. கேஸை அதில் வைத்தால் உள்ளிருப்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். வேண்டுமானால் சாவி வாங்கி எடுத்துக்கொள்ளலாம். தெரிந்து வாங்குவது சூதாகுமா? ஆகாது. ஆனால் நிபந்தனை ஒன்று: காட்டியதை வாங்கினால்தான் அடுத்த கேஸை ஸ்கேன் செய்யலாம். ஆகவே வேண்டாத நீலத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள், அடுத்ததைப் பார்க்கும் உரிமைக்காக. காசு முன், பொருள் பின் என்ற முதற்சூத்திரத்தைத் தலைகீழாக்கிய பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. விலை பொருளுக்கு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கருணையும் இந்த இயலில் ஒரு வினைதான். கென்ஷின் இம்பாக்ட்டில் ஐந்து நட்சத்திர ஆள் வர வாய்ப்பு 0.6 சதவீதம். 89 முறை வராவிட்டால் 90ஆம் முறை கட்டாயம் வரும். ஆட்டக்காரர்கள் இதைப் ‘பிட்டி’ என்பார்கள். வந்த ஆள் தேடிய ஆளாக இல்லாவிட்டால் இன்னொரு 90, அப்போது உறுதி. 70 முறை திறந்தவனிடம் நிறுத்து என்று சொல்லிப் பாருங்கள். காசு நேராகத் திறப்பும் ஆகாது: பணம் கிரிஸ்டலாகும், கிரிஸ்டல் ப்ரைமோஜெம் ஆகும், 160 ப்ரைமோஜெம் ஒரு திறப்பு ஆகும். 180 திறப்புக்கு 28,800. இது எத்தனை ரூபாய் என்று மனக்கணக்காகச் சொல்பவர் யாரும் இருக்க மாட்டார். விலையை இப்படி மறைத்ததையும் சேர்த்துக் குற்றம் சாட்டியே அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் இந்த ஆட்டத்தின் நிறுவனத்திடம் 2 கோடி டாலர் பெறச் சமரசம் செய்தது. 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவின்றிப் பெட்டி விற்கவும் தடை. இந்த வழக்கில் ஆணையம் போவழியைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. விற்ற முறையைப் பார்த்தது. சூதாட்டச் சட்டங்கள் திணறிய இடத்தில் நுகர்வோர் சட்டம் கொஞ்சம் வேலை செய்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது அதுவே. இந்தியாவில் பெட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் ரம்மி வழக்குகளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது உரைகாரரின் கருத்து.

புறனடை

சொல்லா தொழிந்தன சொன்னவை வழியே
சேர்த்தனர் கொளலே செவ்விதின் ஆகும்.

உரை: ராக்கெட் லீக் 2019இல் பெட்டியைக் கைவிட்டது. ஓவர்வாட்ச் 2022இல் கைவிட்டது. 2025 பிப்ரவரியில், இம்முறை காசுக்கு இல்லை என்ற உறுதியோடு, திரும்பக் கொண்டுவந்தது. இந்த நூல் அச்சேறுவதற்குள் ஐந்தாம் வகைப் பெட்டி ஒன்று வந்திருக்கும். அதை வீட்டில் கண்டவர்கள், முதல் வேலையாகப் போனின் ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டு, பிறகு அதன் வருவழி போவழிகளைக் குறித்துக்கொண்டு, பொருந்தும் இயலில் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.